மின்தொடுகை மேம்படுத்தி

மின்தொடுகை மேம்படுத்தி என்பது செருகி, சாக்கெட், திருகுமுனை, நிலைமாற்றி போன்றவற்றில் இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மிகச் சிறிதளவு பூசப்படும் நீர்மம் அல்லது பசை ஆகும். தொடுகைப் பரப்பில் படிந்துள்ள ஆக்சைடு, சல்பைடு, உப்பு, எண்ணெய்ப்பசை போன்றவற்றை நீக்குவதும், அவை மீண்டும் படியாமல் காப்பதும் இதன் பணிகளாகும். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்போர் பொதுவாக இவ்வகைப் பொருட்கள் அனைத்தையும் காண்டாக்ட் கிளீனர் என்றே அழைக்கின்றனர். வீட்டு ஒலி அமைப்புகளில் ஒலித்தரத்தை உயர்த்துவதாகக் கூறியும் இவை விற்கப்படுகின்றன. கெட்டுப்போன இணைப்பை இவை நல்ல நிலைக்கு மீட்கக்கூடும். ஏற்கனவே நன்றாக உள்ள இணைப்பில் இவற்றால் கிடைக்கக்கூடிய கூடுதல் பயன், கீழே காட்டப்படும் கணக்கீடுகளின்படி, மிக மிகக் குறைவு.

தொடுகை மின்தடை

கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடுபள்ளமாகவே காணப்படும். ஆகவே இரண்டு உலோகங்கள் அழுத்தப்படும்போது அவற்றின் மேடுகள் மட்டுமே சில புள்ளிகளில் உண்மையாகத் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் இப்புள்ளிகளின் வழியே நெருங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அங்கு ஒரு மின்தடை தோன்றுகிறது. சுவீடன் நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ராக்னர் ஓம் (1879–1970) இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒரே உலோகத்தாலான இரு பரப்புகள் வட்டமான ஒரு புள்ளியில் தொட்டால், அதன் மின்தடை உலோகத்தின் தன்மின்தடையைப் புள்ளியின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பதாகும். மின்தடையின் அலகிற்குப் பெயர் தந்த செருமானியரான கியோர்க் ஓம் வேறொருவர்.

எடுத்துக்காட்டாக, தூய செம்புப் பரப்புகள் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு புள்ளியில் தொட்டாலும் தொடுகை மின்தடை ஏறத்தாழ 0.17 மில்லி ஓம் மட்டுமே. இது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளத்தின் மின்தடைக்குச் சமம். எனவே தூய்மையான, நன்கு அழுத்தமாகப் பொருந்திய இணைப்பு ஒன்றில் குறைப்பதற்கு மிகுதியான மின்தடை இருப்பதில்லை.

இப்புள்ளிகளுக்கிடையே ஆக்சைடு அல்லது சல்பைடுப் படலம் புகும்போதே சிக்கல் எழுகிறது. அப்போது மின்தடை பல ஓம் வரை உயரலாம். அதிர்வாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் கணத்துக்குக் கணம் மாறவும் செய்யலாம். செம்பின் ஆக்சைடுகளுள் ஒன்றான குப்ரசு ஆக்சைடு குறைகடத்தித் தன்மை உடையது. 1920களில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் திருத்திகள் இதனைக் கொண்டே செய்யப்பட்டன. அதே ஆக்சைடு இணைப்பில் தோன்றினால் மின்னோட்டம் இரு திசைகளிலும் ஒரே அளவில் பாயாமல் போகக்கூடும். அருகிலுள்ள வானொலி நிலையத்தின் ஒலி பெருக்கியினூடே கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உலோகங்களின் தன்மை

- பொன்: ஆக்சைடு உண்டாவதில்லை. ஆனால் பூச்சு மிக மெல்லியதாக இருந்தால் அதிலுள்ள நுண்துளைகளின் வழியே அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அரிக்கப்பட்டு, விளைபொருள் மேலே பரவும்.
- வெள்ளி: கந்தகச் சேர்மங்கள் உள்ள காற்றில் கறுத்துச் சல்பைடாகும். கழிவுநீர்க் கால்வாய், சதுப்பு நிலம் ஆகியவற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைடு இதற்குப் போதுமானது.
- வெள்ளீயம்: இதன் ஆக்சைடு கடினமானது, எனினும் எளிதில் நொறுங்கும். போதிய அழுத்தம் இருந்தால் செருகும்போதே உடைந்துவிடும். சிறு அசைவுகள் தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் ஆக்சைடு உண்டாகித் தேங்கும்.
- அலுமினியம்: இதன் ஆக்சைடு மின்கடத்தாப் பொருளாகும்.

பொன் பூசிய செருகியை வெள்ளீயம் பூசிய சாக்கெட்டில் பொருத்துவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. உராய்வில் வெள்ளீயம் பொன்னின் மேல் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஆக்சைடாகும். இரு பக்கமும் ஒரே பூச்சு இருப்பது நல்லது.

கடற்கரைச் சூழல்: மாமல்லபுரமும் படாளமும்

2019 ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நீண்ட கடற்கரையைக் கொண்டது. இங்கு அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாக வீடுகளுக்குள்ளும் வருகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகிறது. கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே இவ்வாறு கரையத் தொடங்கும். ஆகையால் கடலோர வீட்டில் மழை பெய்யாத நாளிலும் செருகியின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கக்கூடும். இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் இப்படலம் மின்பகுபொருளாகச் செயற்பட்டு அரிமானத்தை விரைவாக்குகிறது.

காற்றில் உள்ள உப்பின் அளவு கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல விரைவாகக் குறைகிறது. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள படாளம், கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. இத்தகைய ஊர்களில் உப்பைவிட ஈரப்பதமும் தூசியுமே முதன்மையான காரணிகளாகும். அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவற்றின் விளைவு கூடுதலாக இருக்கும். கடலிலிருந்து வீசும் புயற்காற்று உப்பை வழக்கத்தைவிடத் தொலைவுக்குக் கொண்டு செல்லக்கூடியது. 2022 திசம்பர் 9 ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்த மாண்டசு புயல் இப்பகுதியைத் தாக்கிய புயல்களுள் ஒன்று.

குளிர்சாதன வசதியும் இதில் பங்கு வகிக்கிறது. குளிர்ந்த அறையின் சன்னலைத் திறந்தவுடன் வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் பனித்துளிகளாகப் படியும்.

உலோக அரிமானம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் துறையாகும். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மைய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமான வீதத்தை ஆய்ந்துள்ளது. ஐஎஸ்ஓ 9223 என்னும் பன்னாட்டுத் தரம் சூழலின் அரிக்கும் தன்மையை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. அதன்படி, முதல் ஆண்டில் செம்பின் இழப்பு மிகக் குறைந்த வகையில் 0.1 மைக்ரோமீட்டருக்கு மேற்படாது. ஐந்தாம் வகையில் 2.8 முதல் 5.6 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பல செருகிகளில் உள்ள பொன் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குறைவு என்பதுடன் ஒப்பிட்டால், அப்பூச்சிற்கு அடியிலுள்ள செம்பு வெளிப்பட்டுவிட்டால் நேரக்கூடியதன் அளவு விளங்கும்.

வகைகள்

- தூய்மையாக்கிகள்: ஐசோபுரோப்பைல் ஆல்ககால் போன்ற கரைப்பான்கள். எண்ணெய்ப்பசையையும் தூசியையும் நீக்கி ஆவியாகிவிடும். தடித்த ஆக்சைடை நீக்கா.
- ஆக்சைடு நீக்கிகள்: ஆக்சைடைத் தளர்த்தும் வேதிப்பொருளும் மெல்லிய காப்பு எண்ணெயும் கலந்தவை. அமெரிக்காவின் கெய்க் நிறுவனத்தின் டீஆக்சிட் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது.
- பல்லுறுப்பி மேம்படுத்திகள்: தொடுகைப் பரப்பின் இடைவெளிகளை நிரப்பி நிற்கும் நீர்மங்கள். கனடாவில் உருவான ஸ்டாபிலன்ட் 22 இவ்வகையைச் சேர்ந்தது.
- உலோகப் பசைகள்: வெள்ளித் துகள்கள் கலந்தவை. இவை எல்லாத் திசைகளிலும் மின்னைக் கடத்துவதால் முனைகளுக்கிடையே பரவினால் குறுக்குச்சுற்று ஏற்படும்.
- காப்புக் களிம்புகள்: வேசலின், சிலிக்கோன் களிம்பு போன்றவை. தாமாக மின்னைக் கடத்துவதில்லை. ஈரத்தையும் காற்றையும் தடுக்கின்றன.

ஒலி அமைப்பில் விளைவுகள்

ஒரே அளவு தொடுகை மின்தடை எல்லா இணைப்புகளிலும் ஒரே விளைவைத் தருவதில்லை.

ஒலிபெருக்கி இணைப்பு: 8 ஓம் ஒலிபெருக்கியுடன் தொடராக 0.01 ஓம் மின்தடை இருந்தால் ஒலி மட்டம் 0.01 டெசிபெல் மட்டுமே குறையும். இது செவிக்கு எட்டாது. அதே இணைப்பு அரிக்கப்பட்டு 1 ஓம் ஆனால் இழப்பு 1 டெசிபெல்; 4 ஓம் ஒலிபெருக்கியில் ஏறத்தாழ 1.9 டெசிபெல். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப 6 ஓம் முதல் 30 ஓம் வரை மாறுவதாகக் கொண்டால், இந்த 1 ஓம் சில சுரங்களை மற்றவற்றைவிடச் சுமார் 1 டெசிபெல் கூடுதலாகத் தாழ்த்தும். இம்மாற்றம் கேட்கக்கூடியது.

சைகை இணைப்பு: குறுவட்டு இயக்கியிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் ஆர்சிஏ வடத்தில், பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு 10,000 ஓம் அல்லது அதற்கும் மேல் இருக்கும். நடு ஊசியில் 1 ஓம் கூடினால் இழப்பு ஒரு டெசிபெலில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் வெளி வளையத்தின் நிலை வேறு. இரு கருவிகளுக்கிடையே மின்வழங்கலிலிருந்து கசியும் மின்னோட்டம் வளையத்தின் வழியே ஓடுகிறது. கசிவு 100 மைக்ரோ ஆம்பியர் எனில், 1 ஓம் தொடுகையில் 100 மைக்ரோ வோல்ட் இரைச்சல் தோன்றும். இது 2 வோல்ட் சைகையைவிட 86 டெசிபெல் தாழ்ந்தது. தொடுகை 0.01 ஓமாக இருந்தால் 126 டெசிபெல் தாழ்ந்துவிடும். எனவே சைகை வடத்தில் முதலில் தூய்மை செய்ய வேண்டியது ஊசியை அன்று, வளையத்தையே.

இசைத்தட்டுச் சுழலி: இங்கு சைகை மிகச் சிறியது, நகரும் காந்த வகையில் சுமார் 5 மில்லிவோல்ட், நகரும் சுருள் வகையில் பெரும்பாலும் 0.5 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் குறைவு. ஊசித்தலையின் நான்கு சிறு முனைகளில் ஏற்படும் மாசு ஒலி மறைதலாகவும் முனகலாகவும் விரைவில் வெளிப்படும்.

நிலைமாற்றிகளும் ஒலியளவுக் குமிழும்: திருப்பும்போது எழும் கரகரப்பு, ஒரு பக்க ஒலி மறைந்து மீள்தல் ஆகியவை தொடுகைப் பழுதின் தெளிவான அடையாளங்கள். தூய்மையாக்கிகள் மிகவும் பயன்படுவது இங்குதான்.

பயன்பாட்டுக் கூற்றுகள் குறித்த கருத்து வேறுபாடு

மேம்படுத்தியைப் பூசியபின் இசை மென்மையாக, விரிவாகக் கேட்பதாகப் பல ஒலி ஆர்வலர்கள் கூறுவர். இதனை மதிப்பிடுகையில் ஒன்றைக் கருத வேண்டும். பூசுவதற்காகச் செருகியைக் கழற்றி மாட்டும்போதே உராய்வினால் பழைய படலம் துடைக்கப்படுகிறது. அதனால் கிடைத்த பயனும் நீர்மத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய, ஒரு பக்கச் செருகிகளை வெறுமனே சில முறை கழற்றி மாட்டியும், மறு பக்கத்தில் மேம்படுத்தி பூசியும், எது எதுவென்று அறியாத ஒருவரைக் கொண்டு கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் எதிர்பார்ப்பும் செவியுணர்வை மாற்றக்கூடியது என்பதால் இந்த மறைப்பு தேவையாகிறது.

அளந்தும் பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் அதன் சொந்த வடங்களின் மின்தடையும் சேர்வதால் மில்லி ஓம்களை அறிய இயலாது. ஒலிபெருக்கிக்குப் பதிலாகத் தகுந்த திறனுள்ள 8 ஓம் மின்தடையத்தை இணைத்து, அதன் குறுக்கே 8 வோல்ட் இருக்குமாறு ஒரு சீரான தொனியைச் செலுத்தினால் 1 ஆம்பியர் ஓடும். அப்போது இணைப்பின் இரு பக்கங்களுக்கிடையே காணப்படும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஓம் ஆகும்.

பயன்படுத்தும் முறை

1. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, மின்வழங்கல் செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பெருக்கியினுள் உள்ள மின்தேக்கிகள் மின்னேற்றத்தை இழக்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.
2. முதலில் செருகிகளைச் சில முறை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். பழுது நீங்கினால் அதன் காரணம் படலமாக இருக்கலாம்.
3. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலை நனைத்துத் துடைக்க வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பியின் முனை கறுத்திருந்தால் அப்பகுதியை வெட்டிப் புதிய முனையைச் சீவுவது எந்த நீர்மத்தையும்விடச் சிறந்தது.
4. கறை எஞ்சினால் ஆக்சைடு நீக்கியை ஒரு துளி இட்டு, சில நிமிடங்களுக்குப் பின் துடைக்க வேண்டும்.
5. இறுதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமே எஞ்ச வேண்டும். மிகுதியானது தூசியை ஈர்க்கும்.

கடலோர வீடுகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் இணைப்புகளைச் சோதிப்பது நல்ல வழக்கமாகும்.

எச்சரிக்கைகள்

- பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளி, எலுமிச்சை ஆகியவற்றைச் செருகிகளில் பயன்படுத்தலாகாது. அவை கறையை நீக்கினாலும், எஞ்சும் அமிலம் அரிமானத்தைத் தொடரச் செய்யும்.
- உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பொன் பூச்சு முற்றிலும் நீங்கிவிடும்.
- ஆல்ககாலும், தெளிப்பான் குப்பிகளிலுள்ள உந்துவளிமங்கள் பலவும் எளிதில் தீப்பற்றக்கூடியவை. காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும்.
- ஒலியளவுக் குமிழில் வலுவான கரைப்பானைத் தெளித்தால் உள்ளிருக்கும் உயவுக் களிம்பும் கரைந்துவிடும்.
- 230 வோல்ட் மின்வழங்கல் சாக்கெட்டில் தொடுகைப் பழுதை நீர்மம் பூசிச் சரிசெய்ய முயலக்கூடாது. 10 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.1 ஓம் இருந்தாலே 10 வாட் வெப்பம் ஒரு சிறு புள்ளியில் உண்டாகும். சூடாகும், கருகும் அல்லது தளர்ந்த சாக்கெட்டை மின்பணியாளரைக் கொண்டு மாற்றுவதே முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- மின்தடை
- அரிமானம்
- ஒலிபெருக்கி
- ஓமின் விதி