சேதுக்கரையில் ரேடியோ பழுதுபார்த்தவர்கள்

இராமநாதபுரம் சீமையில் ரேடியோப் பெட்டி இடம் பிடித்த சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் இலங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1939ஆம் ஆண்டிலேயே திருச்சியில் அகில இந்திய வானொலி நிலையம் ஏற்பட்டுவிட்டதெனினும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடலே கிடக்கும் இக்கரையில் ஜனங்களின் செவி கொழும்பையே நாடி நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் தென்கிழக்காசியப் படைகளின் உபயோகத்துக்கென்று இலங்கையில் நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் ஓய்ந்தபின் 1949இல் இலங்கை வானொலியின் வசமாயிற்று. 1952இல் மத்திய சர்க்காரில் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாச் சங்கீதத்துக்கு நம் நிலையங்களில் இடமளிக்க மனமில்லாதவராயிருந்தமையால், 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி ஒலிபரப்பு தோன்றும் வரையிலும், தோன்றிய பின்னர் நெடுங்காலமும், திரைப்பாட்டை விரும்பிய தமிழர்க்கு மயில்வாகனன் முதலிய அக்கரை அறிவிப்பாளர்களின் குரலே கதியாயிற்று.

பாட்டைக் கொண்டுவந்த அந்தக் கடலே பெட்டிக்குச் சத்துருவாகவும் இருந்தது. மர்பி, பிலிப்ஸ், புஷ் முதலிய வால்வு ரேடியோக்களின் உள்ளே, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றிய ட்ரான்ஸ்பார்மர் ஒன்று உண்டு. இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் ஓயாது பாயும் அக்கம்பியில் உப்பு ஈரம் புகுந்துவிட்டால், சிறிது சிறிதாகப் பச்சைக் களிம்பு பூத்து, ஒருநாள் ஓரிடத்தில் அற்றுப்போகும். டயல் விளக்கு எரியும், வால்வுகள் செந்தணலாய் ஒளிரும், பாட்டு மட்டும் வராது. வேவ்பாண்டு சுவிட்சின் தகடுகள் கறுத்தால் கொரகொரவென்று இரைச்சல் கேட்கும். வடிகட்டும் கண்டன்சர் உலர்ந்தால் பாட்டோடு கூட ‘உம்’மென்ற ரீங்காரம் புறப்படும்.

பெட்டியின் சொந்தக்காரருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தாலும் வால்வு ஒன்றே அவர் கண்ணில் படும். ஆகையால் ‘வால்வு போய்விட்டது’ என்று சொல்லிப் பணம் வாங்குவதும், நல்ல வால்வைக் கழற்றிக்கொண்டு தளர்ந்த வால்வைச் செருகிவிடுவதும் மிகச் சுலபமான மோசங்களாக இருந்தன. இதற்கு மாற்றாகவே, இத்தொழிலில் யோக்கியர்களாயிருந்தவர்களிடம் சில வழக்கங்கள் வேரூன்றின என்று நான் கருதுகிறேன். சொந்தக்காரர் எதிரிலேயே பெட்டியைத் திறந்து, முதலில் மீட்டரை வைத்துப் பார்த்து, “அண்ணே, வால்வு நல்லாத்தான் இருக்கு, ட்ரான்ஸ்பார்மர் காயில் கட்டணும், ஒரு வாரம் ஆகும்” என்று கூலியையும் முன்கூட்டியே சொல்லி, வேலை முடிந்தபின் கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவதே அவர்களுடைய கிரமம். பச்சை பூத்த அந்தக் கம்பிச் சுருளைக் கண்ணால் கண்டவருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மனஸ்தாபம் எழ நியாயமில்லை. எழுதிக் கொடுத்த ரசீதைக் காட்டிலும் இந்தக் காகிதப் பொட்டலத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோது, டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் நாட்டில் பரவத் தொடங்கியிருந்தன. பாட்டரியில் இயங்கும் அச்சிறு பெட்டி பாட்டுக்கு மட்டுமன்றி, கடலுக்குப் போகுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்பதற்கும் மீனவர்க்குத் துணையாயிற்று. ஆதலின் அதைப் பழுதுபார்ப்பவரின் கவனத்தில் ஓர் உயிரின் க்ஷேமமும் அடங்கியிருந்தது.

பின்னர், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் ஜீவனம் தேடிப் போன கீழக்கரை, இராமநாதபுரம் முதலிய ஊர்க்காரர்கள் நேஷனல் பானசோனிக், சோனி, அகாய், சான்சுயி என்று, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்களையும் ஸ்டீரியோ செட்டுகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவையும் இப்போது முதுமை அடைந்துவிட்டன. டேப் ஓட்டும் ரப்பர் பெல்ட்டு தாராய் உருகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு தொட்டால் உதிர்கிறது. பெல்ட்டுக்கும் விளிம்புக்கும் அளவு பார்த்து மாற்று வாங்கிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் தேடுவோர்க்கு அகப்படும். கடினமானது ஆம்பிளிபயரின் இருதயமான எஸ்டிகே வரிசை ஐசி. சான்யோ கம்பெனி செய்த அசல் இன்று அரிதாகிவிட்டமையின், அதே எண்ணைப் பொறித்த போலிகள் சந்தையில் மலிந்துள்ளன. சப்தத்தைச் சற்று உயர்த்தியதும் அவை புகைந்து, பல சமயங்களில் ஸ்பீக்கரையும் உடன் கொண்டுபோகின்றன. மனச்சாட்சியுள்ள மெக்கானிக் வேறொரு செத்த செட்டிலிருந்து கழற்றிய அசலைத் தேடுவார். கிடைக்காவிடில், “அண்ணே, இதுல நான் கை வைக்கல, மதுரைப் பக்கம் கேட்டுப் பாருங்க” என்று பெட்டியைத் திருகாணி குறையாமல் திருப்பிக் கொடுப்பார்.

அலமாரியில் இத்தகைய செட்டை வைத்திருப்போர் அதை நெடுநாள் கழித்துத் திடீரென்று மின்சாரத்தில் மாட்டிப் பார்க்காமல், கடைக்கு எடுத்துப் போய், மெக்கானிக் பழைய சாமானைத் திருப்பித் தருவாரா என்று முதலில் கேட்டுக்கொண்டு, பெல்ட்டு உருகித் தகடெங்கும் வழிவதற்கு முன்னரே ஒப்படைத்துவிட வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.