பண்டைய எபிரேயர் பலிவிதிகளும் கிறித்தவ மரபிற் பாவமன்னிப்பும்

பண்டைய எபிரேயரின் பலிமுறை பற்றிப் பரவலாக நிலவும் கருத்து ஒன்றுண்டு. பாவஞ் செய்தவன் ஒரு விலங்கைக் கொணர்ந்து பலியிட்டான், பாவம் நீங்கிற்று, பின்னர் கிறித்தவம் தோன்றி அக்குருதிச் சடங்கை அகற்றி, யாவர்க்கும் மன்னிப்பை வழங்கிற்று என்பதே அது. ஆயின், லேவியராகமத்தை நிதானமாகப் படிப்போர்க்கு இக்கருத்து எத்துணை மேலோட்டமானது என்பது புலனாகும். அவ்விதிகள் எவற்றை மன்னித்தன என்பதிலும் பார்க்க, எவற்றை மன்னிக்க மறுத்தன என்பதே பிற்கால வரலாற்றிற் பெருவிளைவுகளை உண்டாக்கியது.

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என ஐவகைப் பலிகளை வகுக்கின்றன. இவற்றுட் பாவநிவாரணபலி செய்தவனின் நிலைக்கேற்ப வேறுபட்டது. தலைமைக் குரு தவறினால் காளை. ஆட்சித் தலைவன் தவறினால் வெள்ளாட்டுக் கடா. சாதாரண குடிமகன் தவறினால் பெண்ணாடு. சில குற்றங்களில், ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக்களையும், அதற்கும் வழியற்றவன் எண்ணெயோ சாம்பிராணியோ சேராத ஓர் அளவு மெல்லிய மாவையும் படைக்கலாம். குருதியின்றி மாவினாலும் பாவநிவாரணம் கிட்டியது என்பது பலர் கவனத்திலிருந்து தப்பிய செய்தியாகும்.

இவ்வளவு இரங்கிய சட்டம் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பாவநிவாரணபலி பெரும்பாலும் அறியாமற் செய்த பிழைக்கே உரியது. எபிரேய மூலத்தில் 'ஓங்கிய கையுடன்' எனப்படும் துணிகரமான பாவத்தைச் செய்தவன் சமூகத்தினின்றும் அறுப்புண்டு போகவேண்டும் என எண்ணாகமத்தின் பதினைந்தாம் அதிகாரம் விதிக்கின்றது. அவனுக்குப் பலி இல்லை. இதற்கு ஒரு விலக்குப் போலத் தோன்றுவது குற்றநிவாரணபலியாகும். அயலானின் பொருளை வஞ்சித்துப் பறித்துப் பொய்யாணையும் இட்டவன் அறிந்தே பாவஞ் செய்தவன். எனினும் அவன் குற்றத்தை உணர்ந்தால், பறித்த பொருளையும் அதனோடு ஐந்திலொரு பங்கையும் உரியவனிடம் கொடுத்து, அதன்பின் ஆட்டுக்கடாவைக் கொணரலாம். இழந்தவன் கையிற் பொருள் சேராதவரை பீடத்தில் எரியும் ஆட்டினாற் பயனில்லை.

இவ்விதிகளை ஈழத்தில் வேறொரு நோக்குடன் கூர்ந்து கற்றவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற அவர், 1854 இல் வெளிவந்த 'சைவதூஷணபரிகார'த்தில் எருசலேம் ஆலயக் கிரியைகளைச் சைவக் கிரியைகளுக்கு இணைகாட்டி, கிரியையைப் பழித்தோர்க்கு அவர்தம் வேதத்தைக்கொண்டே விடையிறுத்தார். பலிவிதிகளைக் கடந்துபோன பழங்கதையாகக் கொள்வது எளிதன்று என்பதற்கு அவ்வாதமும் ஒரு சான்று.

கி. பி. 70 இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தபோது பலியிடுதற்குரிய இடமே இல்லாதொழிந்தது. யூத ஞானிகள் மனந்திரும்புதல், செபம், இரக்கச் செயல் ஆகியவற்றிற் பாவநிவாரணத்தைக் கண்டனர். ஏறத்தாழக் கி. பி. 200 இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, அயலானுக்கு இழைத்த தவறு அவனைச் சமாதானப்படுத்தாதவரை பாவநிவாரண நாளினாலும் நீங்காது என்கின்றது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனோடு முதலில் ஒப்புரவாகும்படி மத்தேயு நற்செய்தியில் இயேசு கூறுவதும் இதே சிந்தனையின்பாற்பட்டது. ஈரிடத்தும் பழைய குற்றநிவாரணபலியின் ஒழுங்கு தொடர்வது நோக்கற்பாலது.

கிறித்தவர் தந்த தனிவிடை எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்திற் காணப்படுகின்றது. ஆண்டுதோறும் மீண்ட பலிகள் நிறைவற்றவை. கிறிஸ்து ஒரேதரம் தம்மையே பலியாக்கியமையால் இனிப் பலி வேண்டுவதில்லை என்பது அதன் வாதம். ஆயின் இவ்வாதத்தினுள்ளே ஓர் இடர் பொதிந்துள்ளது. பலி ஒன்றே எனின், அதை ஏற்றபின் அறிந்து பாவஞ் செய்பவனுக்கு எஞ்சியிருப்பது யாது? மேலும் ஒரு பலி இல்லை என அந்நிருபமே கூறுகின்றது. 'ஓங்கிய கை'க்கு எதிரான பழைய எல்லை புதிய சமயத்துள் மீண்டும் தோன்றியது.

இவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்கியது, நகைமுரணாக, ஒரு பலிச்சட்டமே. உரோமப் பேரரசன் டீசியஸ் தன் குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிடுமாறு ஆணையிட்டான். 250 இல் அது பேரரசெங்கும் செயற்பட்டது. பலியிட்டு, மதுவார்த்து, பலியுணவைச் சுவைத்தமைக்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்தின் மணலிலிருந்து இத்தகைய பப்பிரசுச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. கிறித்தவருட் பலர் பலியிட்டனர். சிலர் தூபம் மட்டும் இட்டனர். வேறு சிலர் கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே கொடுமை தணிந்தது. விழுந்தோர் திரும்பிவந்து திருச்சபையின் வாயிலில் நின்றனர்.

கார்தேஜ் நகர ஆயர் சிப்பிரியனின் நிலை இக்கட்டானது. கொடுமைக்காலத்தில் அவர் மறைந்து வாழ்ந்தவர். சிறையில் துன்புற்றோர் பலர் அவரினும் மேலான மதிப்புடையோர். அவர்கள் விழுந்தோர்க்குச் சமாதானக் கடிதங்களைத் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். சில கடிதங்கள் ஒருவனை 'அவனைச் சார்ந்தோருடன்' ஏற்குமாறு பெயர் குறியாமலே கோரின. மன்னிப்பு இவ்வாறு மலிவதைச் சிப்பிரியன் கண்டித்தார். மறுபுறம் உரோமில் நோவாசியன், இறைவனை மறுதலித்த பாவத்தை மன்னிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை எனக் கூறி, 251 இல் எதிராயராகித் தனிச்சபை கண்டான். நிருபத்தின் சொல்லை மட்டும் நோக்கின் அவன் பக்கம் வலிமையற்றதன்று. ஆயின் அழுதுகொண்டு நிற்பவனை நோக்க அவனுக்கு இயலவில்லை.

251 இல் கார்தேஜில் கூடிய ஆயர்மன்றம் இடைவழி ஒன்றை வகுத்தது. சான்றிதழ் மட்டும் பெற்றோர், ஒவ்வொருவர் வழக்கையும் ஆராய்ந்தபின் ஏற்கப்படலாம். பலியிட்டோர் நெடுந்தவம் புரிந்து மரணவேளையில் ஏற்கப்படலாம். சிப்பிரியன் எழுதிய கடிதமொன்று இவ்வாராய்வின் தன்மையை உணர்த்துகின்றது. தானாக ஓடிச்சென்று பலியிட்டவனும், நெடிது போராடி வேறுவழியின்றிப் பலியிட்டவனும் ஒருவரல்லர். குடும்பம் முழுவதையும் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவனும், தான் ஒருவன் சென்று மனைவி மக்களைக் காத்தவனும் ஒருவரல்லர் என அவர் வகுத்துரைக்கின்றார். பீடமும் ஆடும் இல்லாத அவ்விசாரணையில் எழுந்த வினாக்கள் லேவியராகமத்தின் வினாக்களே. அறிந்து செய்தானா? எத்தகைய நிலையிற் செய்தான்? திரும்பிவர அவன் கொடுத்தது என்ன? புதிய கொடுமை நெருங்குவதாக அஞ்சிய வேளையில், அடுத்த ஈராண்டுகளுக்குள், தவம் புரிந்துவந்த அனைவரையும் ஆயர்கள் ஏற்றனர். ஒருகாலத்தில் மறைந்துவாழ்ந்த சிப்பிரியன் 258 இல் வாளுக்கு இரையானார்.

325 இல் நைசீயாச் சங்கம் இத்தகையோர்க்குக் கால அளவு வகுத்தது. வற்புறுத்தலோ பொருளிழப்போ இன்றி விசுவாசத்தை மறுதலித்தவன் மூன்றாண்டு கேட்போருடனும், ஏழாண்டு தாழ்ந்து பணிவோருடனும், ஈராண்டு காணிக்கையிற் பங்கின்றிச் செபத்தில் மட்டும் சேர்ந்தும் நிற்றல் வேண்டும். அதனை அடுத்துவரும் விதியொன்று, மரணத்தறுவாயில் இருப்போர் எவராயினும், இறுதிப் பயணத்துக்குரிய நற்கருணையை அவர்க்கு மறுக்கலாகாது என்கின்றது.