வோல்டேஜைக் கூட்டினால் போதுமா? இ-சிகரெட்டின் ஒரு குட்டி வரலாறு

கொஞ்ச நாளாக இ-சிகரெட் பற்றிய காப்புரிமைகளையும் ஆய்வுகளையும் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. இந்தியாவில் 2019-லிருந்து இந்தக் கருவியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே தடை போட்டுவிட்டது. ஆகவே யாரும் இதை வாங்குவதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை இழுத்தது இதற்குள் இருக்கும் இன்ஜினியரிங் கதை. 2008 வாக்கில் தொடங்கி சில வருஷங்கள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு பெரிய கூட்டம் "வோல்டேஜை ஏத்தினா நல்லா வேலை செய்யும்" என்று நம்பியது. அது எவ்வளவு தூரம் சரி, எங்கே தடம் மாறியது, யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

ஆரம்பம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-லேயே புகையில்லாத சிகரெட் ஒன்றுக்கு விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பொருள் கடைக்கு வரவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2003-ல், சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தியலாளர் ஹோன் லிக் இன்றைய இ-சிகரெட்டை உருவாக்கினார். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். முதல் வடிவத்தில் அவர் நம்பியது அல்ட்ராசவுண்ட் அதிர்வை. பிறகு உலகமெங்கும் பரவிய வடிவம் இன்னும் எளிமையானது. ஒரு பேட்டரி, ஒரு திரி, அந்தத் திரியைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். திரி உறிஞ்சுவது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின் கலந்த திரவம். கம்பி சூடானால் திரவம் ஆவியாகும். அவ்வளவுதான்.

அந்தக் கம்பி பெரும்பாலும் நிக்ரோம். 1905-ல் ஆல்பர்ட் மார்ஷ் கண்டுபிடித்த உலோகக் கலவை. நம் வீட்டு ஹேர் டிரையரில் சிவக்கிற அதே ஜாதிக் கம்பி.

3.7 வோல்ட் ஏன் போதவில்லை?

சிகரெட் மாதிரியே தெரிய வேண்டும் என்பதால் உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரிக்குத்தான் இடம். அதன் பெயரளவு வோல்டேஜ் 3.7. முழுசா சார்ஜ் ஏறியிருந்தால் 4.2, தீரும் சமயத்தில் சுமார் 3.3.

இங்கே ஜூல் என்ற ஆங்கிலேயர் 1840-களில் சொன்ன விதி வருகிறது. வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வாட், அதாவது வெப்பம் உண்டாகும் வேகம். சுருளின் மின்தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.2 வோல்ட்டில் 5.9 வாட். 3.3 வோல்ட்டில் 3.6 வாட். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் வெப்பம் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விட்டது! வர்க்கம் செய்யும் வேலை இது. காலையில் நன்றாக இருந்த கருவி மதியம் "சப்"பென்று ஆனதற்குக் காரணம் இதுதான். புகை மெலிசாக வருகிறது, தொண்டையில் அந்த உறைப்பு இல்லை, மனசு பழைய சிகரெட்டுக்கே போகிறது.

அந்த மக்களின் அவசரத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அவர்களில் பலர் சிகரெட்டை விடத் துடித்தவர்கள். கருவி சரியாக வேலை செய்யாவிட்டால் மறுபடி பாக்கெட் வாங்கிவிடுவார்கள்.

டார்ச் லைட் குழாயும் இரண்டு பேட்டரியும்

எனவே கைவேலை தெரிந்தவர்கள் களத்தில் இறங்கினார்கள். 2008-ல் பிரிட்டனில் வந்த 'ஸ்க்ரூடிரைவர்' இந்த வகையில் முன்னோடி என்பார்கள். டார்ச் லைட் குழாய்க்குள் பெரிய பேட்டரி, மேலே ஆவியாக்கும் சுருள். இதனால் சார்ஜ் அதிக நேரம் நின்றது. ஆனால் வோல்டேஜ் அதே 3.7.

அடுத்து எல்லாருக்கும் தோன்றியது, டார்ச்சில் போடுவது போல இரண்டு பேட்டரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது. 7.4 வோல்ட். வோல்டேஜ் இரண்டு மடங்கு என்றால் வெப்பம் நான்கு மடங்கு, 3 ஓம் சுருளில் 18 வாட்டுக்கு மேல். 5 வாட்டுக்காகச் செய்த சுருள் என்ன ஆகும்? கருகியது. சிலர் கேமராவுக்கான 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இரண்டைப் போட்டு 6 வோல்ட், 12 வாட்டுக்கு இறங்கினார்கள். இன்னும் விவரமானவர்கள் நடுவில் ஒரு ரெகுலேட்டர் சிப்பை வைத்து 5 வோல்ட்டில் நிறுத்தினார்கள். 8.3 வாட். பேட்டரி தீரும்வரை அந்த 8.3 மாறாது. நிஜமான முன்னேற்றம் இது என்று நான் நினைக்கிறேன். வோல்டேஜ் உயர்ந்ததைவிட அது நிலையாக நின்றதுதான் பெரிய விஷயம்.

பிறகு இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி உயர் வோல்டேஜ், உயர் மின்தடை: 6 வோல்ட், 4.5 ஓம். இன்னொரு கட்சி ஒற்றை பேட்டரி, குறைந்த மின்தடை: 3.7 வோல்ட், 1.5 ஓம். கணக்குப் போட்டால் முதலாவது 8 வாட், இரண்டாவது 9.1 வாட். கிட்டத்தட்ட ஒன்றுதான். சுருளுக்கு வோல்டேஜ் தெரியாது, வாட்தான் தெரியும். வித்தியாசம் மின்னோட்டத்தில் இருக்கிறது. முதலாவதில் 1.3 ஆம்பியர், இரண்டாவதில் 2.5. கரன்ட் குறைவு என்றால் பேட்டரிக்கு அலுப்பு குறைவு, இணைப்புகளில் வீணாவதும் குறைவு. உயர் வோல்டேஜ் கட்சியிடம் இருந்த உருப்படியான வாதம் இது.

விலை

ஆனால் இரண்டு லித்தியம் பேட்டரியைத் தொடராக இணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றில் சார்ஜ் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால், வலுவானது பலவீனமானதை முழுக்கக் காலி செய்த பின்னும் அதன் வழியாகக் கரன்ட்டைத் தள்ளும். பலவீனமானது தலைகீழாகி, சூடாகி, வாயு கக்கும். மடிக்கணினி பேட்டரியில் இதைத் தடுக்கத் தனி சர்க்யூட் இருக்கிறது. டார்ச் குழாயில் கிடையாது. வாயு வெளியேற ஓட்டை இல்லாத உலோகக் குழாய் என்றால், அதைப் பாதி வெடிகுண்டு என்றே சொல்லலாம். அதையும் வாயில் வைத்திருக்கிறோம்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை 195 தீ, வெடிப்புச் சம்பவங்களைக் கணக்கெடுத்தது. 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குக் கடுமையாக. எல்லாமே இரட்டை பேட்டரிக் கருவிகள் இல்லை, சட்டைப்பையில் வெடித்ததும் உண்டு, சார்ஜ் போடும்போது வெடித்ததும் உண்டு. அந்த நாட்டின் முதல் மரணம் 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் நடந்தது.

திரி கருகும் வாடை

இரண்டாவது விலை கண்ணுக்குத் தெரியாதது. 2015 ஜனவரியில் போர்ட்லேண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி வேதியியலாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். ஒரே கருவி. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் பத்து இழுப்புக்குச் சராசரி 380 மைக்ரோகிராம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். செய்தி தீயாகப் பரவியது.

அதே வருஷம் கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் குழுவினர் மறுப்பாக ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வகைச் சுருள்கள், இரண்டுக்கும் ஒரே வாட். முதலாவதில் 9 வாட்டைத் தொட்டதுமே இழுத்தவர்கள் அத்தனை பேரும் கருகல் ருசி என்றார்கள். அந்த நிலையில் ஃபார்மால்டிஹைடு போன்ற பொருட்கள் 30 முதல் 250 மடங்கு வரை கூடின. இரண்டாவது சுருளில் 10 வாட்டிலும் கருகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நம் அடுப்பங்கரையே போதும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை, தீயை எவ்வளவு கூட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது, வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். தண்ணீர் வற்றிய நொடியில் அடிப்பிடிக்கும். அகல் விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் திரி கருகுவதும் இதே கதை. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வோல்ட்?" இல்லை. "திரி கொண்டுவரும் வேகத்தைவிட நீ ஆவியாக்கும் வேகம் அதிகமா?" என்பதுதான். வோல்டேஜைக் கூட்டியவர்களில் பலர் திரியை மறந்துவிட்டார்கள். அதற்காக ஃபார்சலினோஸ் சோதனை எல்லாருக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடாது. கருகல் லேசாக இருக்கும்போது எல்லா நாக்குக்கும் தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எதை அளக்கிறோம்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநில நிறுவனமான இவால்வ், 2011-ல் 'டார்வின்' என்ற கருவியில் வோல்டேஜுக்குப் பதிலாக வாட்டையே தேர்ந்தெடுக்க வைத்தது. சுருளின் மின்தடையைக் கருவியே அளந்து, தேவையான வோல்டேஜைக் கொடுக்கும். அதே நிறுவனம் 2014-ல் இன்னும் ஒரு படி போனது. நிக்கல் கம்பி சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். 200 டிகிரி ஏறினால் இரண்டு மடங்குக்கு மேல். ஆக, கம்பியே வெப்பமானி! திரி காய்ந்தால் வெப்பம் எகிறும், மின்தடை எகிறும், சிப் கரன்ட்டைக் குறைத்துவிடும். பேட்டரி எண்ணிக்கையில் ஆரம்பித்து, வோல்ட், வாட், கடைசியில் டிகிரி. உண்மையில் எதைக் கட்டுப்படுத்த நினைத்தார்களோ அதை அளக்கவே ஆறு வருஷம் ஆனது. சாஃப்ட்வேரிலும் இதைத்தான் பார்க்கிறோம். சுலபமாக அளக்க முடிவதைத்தான் முதலில் திருகுவோம்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் 2015-ல் ஜூல் என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கருவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பெரிய பேட்டரி இல்லை, உயர் வோல்டேஜ் இல்லை. நிகோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கியிருந்தார்கள். அதனால் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்ற கடுமையான அளவும் தொண்டையை அறுக்காமல் இறங்கியது. வோல்டேஜ் கட்சிக்காரர்கள் பேட்டரியில் தேடிய "பெர்ஃபாமன்ஸ்" வேதியியலில் கிடைத்துவிட்டது. விளைவு? ஒரு மாதத்துக்குள் இ-சிகரெட் பிடித்ததாகச் சொன்ன அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 2017-ல் 11.7 சதவீதம், 2018-ல் 20.8 சதவீதம்.

டார்ச் குழாயில் பேட்டரி அடுக்கியவர் தன் சிகரெட்டை விடுவதற்காக அடுக்கினார். அவருக்கு வேண்டிய திறனை முழுசாகச் சாதித்த கருவி, சிகரெட்டே தொடாத பிள்ளைகளின் கைக்குப் போனது. ஒரு கருவி "நன்றாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.