தீக்குச்சிக்கு ஏற்ற மரம் எது?

கப்பலுக்கும் பீப்பாய்க்கும் பெயர் பெற்றது ஓக் மரம். ஆனால் தீக்குச்சிக்கு அது உதவாது. ஏன் தெரியுமா? அதன் கட்டை கடினமானது, அடர்த்தி மிக்கது. தீக்குச்சி மரமோ எளிதில் சீவப்பட வேண்டும். உருகிய மெழுகை உறிஞ்ச வேண்டும். மருந்து எரியும் கண நேரத்தில் அந்த மெழுகே தீயைக் குச்சிக்குக் கடத்துகிறது.

1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த இப்பகுதியில் மரம் ஏது? பெருமரம் போன்ற மென்மரங்கள் கேரளத்திலிருந்து வந்தன. குச்சிகளைச் சட்டங்களில் அடுக்கும் வேலையில் சிறுவர்களும் ஈடுபட்டனர். பதினான்கு வயது நிரம்பாதோரை இத்தொழிலில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

அன்று பள்ளி செல்லாமல் கட்டை அடுக்கியவர்கள் இன்று இப்பக்கத்து வீடுகளில் பெற்றோராக இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், இந்த வரலாற்றின் மறுபாதியை அவர்கள் சொல்வார்கள்.