சமாதானப் பேச்சில் பெண்களுக்கு இடம்



நம்ம காத்திவாக்கம் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா அதே லைன்ல வர்றது கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி வந்த குடும்பங்கள். அந்தச் சண்டையை நிறுத்தப் பெண்களும் பாடுபட்டார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

1984-ல் யாழ்ப்பாணத்தில் ராணுவம் நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பெற்ற தாய்மார்கள் சும்மா இருக்கவில்லை. 'அன்னையர் முன்னணி' என்று ஒன்று கூடி, ஊர்வலமாகப் போய், நம்ம ஊர் கலெக்டர் மாதிரி இருக்கும் அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளை விடச் சொல்லிக் கேட்டார்கள். 1990-ல் தெற்கே மாத்தறையில் சிங்களத் தாய்மார்களும் அதே பெயரில் கூடினார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு அடக்கியபோது அவர்கள் பிள்ளைகளும் காணாமல் போயிருந்தார்கள். கொழும்பில் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபம் விட்டார்கள். பாஷை வேற, மதம் வேற. கேட்டது ஒண்ணுதான்: எம் புள்ள எங்கே?

2002 பிப்ரவரியில் நார்வே நாடு நடுவில் நின்று, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆனது. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. மேஜையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் அமைப்புகள் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டன. அந்த டிசம்பரில் ஓஸ்லோவில் பெண்களுக்கென்று ஒரு துணைக்குழு அமைக்க இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன.

2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அந்தக் குழு கூடியது. பக்கத்துக்கு ஐந்து பேர், மொத்தம் பத்துப் பெண்கள். அரசு தரப்பில் பேராசிரியர் குமாரி ஜெயவர்தன, புலிகள் தரப்பில் தமிழினி. தமிழர், சிங்களர், முஸ்லிம் பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். சொந்த ஊரில் திரும்பக் குடியேறுவது, பெண்களின் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியலில் பங்கு என்று பேச வேண்டியதை வரிசைப்படுத்தினார்கள்.

ஆனால் ஏப்ரல் மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். பெரிய மேஜை நின்றதும் பெண்கள் குழுவும் நின்றுபோனது. பெண்களுக்குக் கொடுத்தது ஓரத்து மேஜை. யோசனை சொல்லலாம், முடிவு எடுக்க முடியாது. போர் 2009 மே மாதம்தான் முடிந்தது, எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன பிறகு. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் மறுபடியும் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளைகளின் போட்டோ, வாயில் அதே பழைய கேள்வி.

ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுப் பெண்கள் கதவு திறக்கும்வரை காத்திருக்கவில்லை. 2003-ல் தலைநகரில் மீன் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் வெயில் மழை பாராமல் உட்கார்ந்தார்கள். கானா நாட்டில் நடந்த பேச்சு இழுத்துக்கொண்டே போனதும், அங்கேயும் போய் ஹால் வாசலை மறித்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆனது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய லேமா குபோவீக்கு 2011-ல் அமைதி நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சமாதானப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000-லேயே 1325-ஆம் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் போட்டா மட்டும் நாற்காலி வந்துடாது.

நம்ம பக்கம் பாருங்க. கடலில் வலைத் தகராறு வந்தால் வெறுங்கூடையோடு திரும்புவது மீன் விற்கும் பெண்கள். ஆனா குப்பத்து ஊர்க்கூட்டத்தில் பேசுவது இன்னிக்கும் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். நம்ம குழுவிலோ எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் பழக்கத்தை ஊர்க்கூட்டத்துக்கும் கொண்டுபோவோம் சகோதரிகளே. அடுத்த தடவை ராஜி பேச்சு நடந்தா, ஓரமா நின்னு கேட்காம, உள்ளே போய் உட்காருவோம்.