சிலிண்டரின் கழுத்தில் ஓர் எழுத்து

சித்திரைத் தேர் நிலைக்கு வந்த நாலாம் நாள். பக்கத்தாத்து மாமி கைபேசியும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"மாமா, எங்காத்து சிலிண்டர் காலாவதி ஆயிடுத்தாம். வாட்ஸ்அப்புல வந்திருக்கு. கொஞ்சம் வந்து பாருங்கோ!"

திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், தெருவில் விசில் அடிக்காத குக்கருக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தேன். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் மூன்று இரும்புப் பட்டைகளில் ஒன்றின் உட்புறம், "பி" என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் இந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருந்தன.

"ஜூன் கடைசி வரைக்கும் பயமில்லை, மாமி" என்றேன்.

கணக்கு சுலபம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஏப்ரல் முதல் ஜூன். சி ஜூலை முதல் செப்டம்பர். டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-25 என்று இருந்தால், 2025 ஜூன் முடிவதற்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். மருந்து பாட்டிலில் போடுவது போன்ற காலாவதித் தேதி அல்ல இது. உள்ளே இருக்கும் வாயு கெட்டுப்போவதில்லை. சோதிக்க வேண்டியது இரும்பைத்தான்.

இந்த வழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1863-ல் கல்கத்தாவில் ஒரு நீராவிக் கொதிகலன் வெடித்துப் பல உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே வங்காள சட்டசபை கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் போட்டது. அது வளர்ந்து 1923-ல் நாடு முழுவதற்குமான கொதிகலன் சட்டமாயிற்று. சிலிண்டருக்கு வேறு வழி. 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1940-ல் வாயு சிலிண்டர் விதிகள் வந்தன. 1981, 2004, 2016 என்று அவை புதுப்பிக்கப்பட்டன. சட்டம் இரண்டானாலும் பாடம் ஒன்றுதான்: அழுத்தத்தைத் தாங்கும் இரும்பை அவ்வப்போது சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

சமையல் வாயு 1955-ல் பர்மா ஷெல் கம்பெனியின் பர்ஷேன் என்ற பெயரில் பம்பாய்க்கு வந்தது. இண்டேன் 1965-ல் கல்கத்தாவில் தொடங்கியது. திருவெறும்பூர்த் தொழிற்சாலைக்கும் அதுதான் தொடக்க வருஷம். எங்கள் அகத்துக்கு வந்ததோ 1983-ல்தான், ஐந்து வருஷம் பதிவு செய்து காத்திருந்த பிறகு. அதுவரை சவுக்கு விறகு, குமுட்டி, கிருஷ்ணாயில் ஸ்டவ்.

அம்மாவுக்கு இரண்டு கவலைகள். ஒன்று மடி: யார் யார் கை பட்டதோ என்று. அதற்குத் தண்ணீர் தெளித்துச் சமாதானமானாள். மற்றது பயம்.

"வெடிச்சுடாதோடா?"

"பாய்லரையே சோதனை பண்றவன் நான். இதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அம்மா நம்பினாள். அன்றைக்கே தளிகை அதில்தான்.

மடிக்காக அம்மா சொன்னது வேறு விதத்தில் உண்மைதான். அந்தச் சிலிண்டர் நம்முடையது அல்ல. இன்றைக்கு உத்தர வீதி, அடுத்த மாதம் தில்லைநகர், அப்புறம் மணப்பாறை. எங்கே உருட்டினார்கள், எங்கே போட்டார்கள், எந்த ஈரத்தில் அடி வளையம் துருப்பிடித்தது, யாருக்குத் தெரியும்? பாய்லருக்காவது ஒரே இடத்தில் ஒரு பதிவேடு இருக்கும். ஊர் ஊராகச் சுற்றும் சிலிண்டரைப் பற்றி வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளக் கழுத்தில் உள்ள அந்த எழுத்தை விட்டால் வேறு வழி ஏது?

புதுச் சிலிண்டருக்கு 10 ஆண்டுகள் கழித்தும், அதற்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதனை. வாயுவை வெளியேற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ வரை அழுத்துவார்கள். திருச்சி வெயிலில்கூட உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் இதில் பாதியை எட்டாது. தண்ணீர் ஏன் என்று கேட்கலாம். காற்றை அமுக்கினால் அது வில்லைப் போல விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; இரும்பு விட்டுப்போனால் வெடிக்கும். தண்ணீர் அப்படி அமுங்காது. விரிசல் விட்டாலும் பீய்ச்சியடித்துவிட்டு அடங்கிவிடும். தேறிய சிலிண்டருக்குப் புது எழுத்து எழுதுவார்கள். தேறாதது பழைய இரும்புக்குப் போகும்.

இதையெல்லாம் மாமிக்கு விளக்கிவிட்டு, கொஞ்சம் பெருமையோடுதான் வீடு திரும்பினேன். சும்மா இருக்காமல் எங்கள் தளிகை உள்ளில் இருந்த சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன்.

டி. பக்கத்தில் போன வருஷம்.

டிசம்பரோடு கெடு முடிந்த சிலிண்டர் அது. மார்ச்சில் வந்திறங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான். தொழிற்சாலையில் முத்திரை பார்க்காமல் ஒரு குழாயைக்கூட வெளியே விட்டதில்லை. வீட்டில் 1983 முதல் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. அம்மாவுக்கு "நான் பொறுப்பு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. கெடு தாண்டிய மறுநாளே சிலிண்டர் வெடித்துவிடும் என்பதும் இல்லை. ஆனால் கெடு தாண்டியதில் வாயு நிரப்பக் கூடாது என்பது விதி. அப்படி வந்தால் வேண்டாம் என்று திருப்பிவிட நமக்கு உரிமை உண்டு.

இப்போதெல்லாம் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, நான் கேட்பதற்கு முன்பே பட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். எழுத்தைப் படித்து, எடை பார்த்து, சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாசற்படி தாண்ட விடுகிறேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம். நீங்களும் இதைப் படித்து முடித்ததும் ஒரு நடை அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.