பிரித்து எடுத்துப்போன வீடுகள்

ஓசூர்ப் பக்கத்துப் பழைய கிராமங்களில் கல் பலகையே சுவராக நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் போனாலும் உண்டு. கல் தூண்களை நட்டு, நடுவில் ஆள் உயரப் பலகைகளை நிறுத்தி, மேலேயும் பலகை பாவி, சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பார்கள். கன்னடத்தில் அதற்குச் சப்படிக் கல் என்று பெயர். பலகை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதனால்தான் அந்த வீடுகள் ஒடுக்கமாக, ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும்.

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்து மல்லசந்திரத்தில் குன்றின்மேல் இருக்கும் கற்திட்டைகளைப் போய்ப் பாருங்கள். நான்கு பக்கமும் பலகை, மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இவ்வளவு பெரிய பலகையைப் பாறையிலிருந்து எப்படி உரித்தார்கள்? வெடி வைத்தல்ல, விறகு வைத்து. பெங்களூர்ப் பக்கத்தில் நடந்த இந்த வேலையை எச். வார்த் என்பவர் 1895இல் லண்டன் 'நேச்சர்' இதழில் விவரமாக எழுதியிருக்கிறார். பாறைமேல் சுமார் 7 அடி நீளத்துக்கு வரிசையாக நெருப்பு மூட்டுவார்கள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை மாறினால் அடியில் கல் விட்டுவிட்டது என்று அர்த்தம். நெருப்பைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். 8 மணி நேரத்தில் 740 சதுர அடி, 5 அங்குல கனத்தில் ஒரே பலகையாகக் கிளம்பிவிடும். செலவான விறகு ஏறக்குறைய 750 கிலோ. ஒரு பங்கு விறகுக்கு முப்பது பங்கு கல்! காதை மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இப்படி வந்த கல்லை யாரும் வீணாக்கவில்லை. சுண்ணாம்பு கல்லை விட்டுவிடும். கடப்பாரையால் நெம்பினால் பலகை முழுசாக வந்துவிடும். எங்கள் பாட்டனார் வீட்டைப் பாகம் பிரித்தபோது நிலத்தோடு தூணையும் பலகையையும் எண்ணித்தான் பிரித்தார்கள். சின்னத் தாத்தா தன் பங்கை வண்டியில் ஏற்றிப் போய் மாட்டுக்கொட்டகை கட்டினார். பிறகு அதில் சில திராட்சைப் பந்தலுக்குக் கால் ஆயின. குறையும் உண்டு: சித்திரையில் உள்ளே இருக்க முடியாது, சந்து விட்டால் மழை ஒழுகும், பெரிய கூடம் வேண்டுமென்றால் நடுவில் தூண் நிற்கும்.

1971இல் சிப்காட் தொடங்கி, பிறகு ஓசூருக்கு வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தபின் ஊரே கான்கிரீட்டுக்கு மாறியது. மாறாமல் முடியாது, மக்கள் வந்து குவிந்தார்கள், கல் வீட்டின்மேல் மூன்று மாடி ஏற்ற முடியுமா? ஆனால் கான்கிரீட் வீட்டை இடித்தால் கம்பிதான் காசு. மீதியெல்லாம் ராபிஷ். சிமெண்ட் பிடித்த செங்கல்கூட உடைந்துதான் வரும். இடிபாட்டைத் தரம் பிரித்து மறுபடி பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு 2016இல் விதி போட்டது. அதைப் படித்தபோது சின்னத் தாத்தாவின் வண்டிதான் நினைவுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு ஷெட்டுகள் இந்த விஷயத்தில் நம் கல் வீட்டுக்குத்தான் சொந்தம். கழற்றி வேறு ஊரில் மாட்டிவிடலாம்.

முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கல் வீட்டுக்கு அந்த யோகம் வாய்க்குமோ என்னவோ. இப்போது வீட்டை இடிப்பவர்கள் நல்ல பலகைகளைச் சம்மட்டியால் உடைத்து அஸ்திவாரக் குழியில் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கிறேன். உங்கள் ஊரில் யாராவது பழைய வீட்டை இறக்குகிறார்கள் என்றால், சம்மட்டி விழுமுன் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வேலிக்கோ, கிணற்றடிக்கோ, துணி துவைக்கவோ கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.